எழுதியதை ஒளிப்பது ஏன்?

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்களும் வாலிபர்களும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியது)



இந்தக் கூட்டத்தைக் கூட்டிய வாலிபத் தோழர்கள் எனக்கு எழுதியிருந்த கடிதத்தில், இவ்வூர்க்காரர்கள் தாங்கள் எழுதிய பாட்டு, கதை முதலியவைகளை முதலில் வாசிப்பார்கள் என்றும், அதன்பேரில் நான் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்றும் கண்டிருந்தார்கள். நான் வந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரமாயிற்று. தலைவரும் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆகவே, வாசித்ததைப் பற்றிப் பேச வந்தவன் வாசிக்காததைப் பற்றிப் பேச வேண்டியவனாகிவிட்டேன்.

ஒன்றும் எழுதவில்லை என்றால் அது வேறு சங்கதி. எழுதித்தான் இருக்கிறீர்கள். காலையில் அளத்துப் பக்கம் போயிருந்தேன். கரையில் வைத்திருந்த சோற்றுத் தூக்குக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. இது என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்லீங்க, கூலிக் கணக்கு" என்று சொல்லி ஒரு அம்மாள் அதைச் சட்டென்று எடுத்து மடியில் செருகிக்கொண்டார். நாலு நாலு வரியாகப் பிரித்து எழுதின கூலிக் கணக்கை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் யாரையும் காட்டிக்கொடுக்க வரவில்லை. அப்புறம் ஒரு வாலிபர், என்னைப் பஸ்ஸிலிருந்து அழைத்து வந்தவர், வழியில் சொன்னார்: ராத்திரியெல்லாம் கைப்பேசியில் கதை எழுதுகிறாராம். நாலு பேருக்கு அனுப்பலாம் என்று விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். விடிவதற்குள் அவ்வளவையும் அழித்துவிடுவாராம். இப்படி ஒன்றல்ல, ஒன்பது கதைகள் அழிந்து போயின என்றார்.

ஏனப்பா என்று கேட்டால், "சிரிப்பார்கள்" என்கிறார். யார் சிரிப்பார்கள்? "எல்லாரும்." இதற்கு முன் யாராவது சிரித்தார்களா? "இல்லை, யாருக்கும் காட்டினதே இல்லையே."

புளியமரத்துப் பேய் விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம்? பேய் இருக்கிறது என்கிறவனைப் பார்த்து, நீ கண்டாயா என்று கேட்கிறோம். இல்லை, பாட்டி சொன்னாள் என்கிறான். விளக்கை எடுத்துக்கொண்டு வா, போய்ப் பார்க்கலாம் என்கிறோம். இந்தச் "சிரிப்பார்கள்" என்கிற பேயையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இது ஜனங்களைக் கண்ட பயமா? தாய்மார்களே! இழவு வீட்டில் என்ன நடக்கிறது? நூறு பேர், இருநூறு பேர் கூடியிருக்கிற இடத்தில், சொந்தக்காரர்களும், ஆகாதவர்களும், பங்காளிகளும் நிற்கிற இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்பிள்ளை மாரிலடித்துக்கொண்டு அந்த நிமிஷத்திலேயே அடி கட்டி ஒப்பாரி பாடுகிறாள். செத்தவன் குணம், தான் பட்ட கஷ்டம், மாமியார் செய்த கொடுமை, அண்ணன் செய்யத் தவறிய சீர் எல்லாம் அதில் வருகிறது. எதுகை தவறுகிறதா? இல்லை. கேட்கிறவன் சிரிக்கிறானா? கல் நெஞ்சுக்காரனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளுகிறான். அதே அம்மாளை மறுமாதம் இந்த மாதிரி மேடைக்கு அழைத்து, அம்மா, நீங்கள் கட்டின பாட்டு ஒன்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். "எனக்கு என்னங்க தெரியும், நான் என்ன படிச்சவளா" என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்ளுவாள்.

ஆகவே பயம் ஜனங்களைக் கண்டு அல்ல. ஒப்பாரி என்றால் நமக்குப் பாத்தியதை உண்டு, இலக்கியம் என்றால் நமக்குப் பாத்தியதை இல்லை என்று யாரோ சொல்லி வைத்ததை நம்பிக்கொண்டிருப்பதுதான் அந்தப் பயம்.

யார் சொல்லி வைத்தது? நம்முடைய புலவர் கதைகளை எடுத்துப் பாருங்கள். பிள்ளைப்பாண்டியன் என்று ஒருவன் பிழையாய்ப் பாடினவன் தலையில் குட்டுவானாம். வில்லிபுத்தூரார் என்று ஒருவர் வாதில் தோற்றவனுடைய காதை அறுப்பாராம். ஒட்டக்கூத்தர் இன்னும் ஒருபடி மேலே போய், இரண்டிரண்டு பேராகக் குடுமியை முடிந்து வைத்துத் தலையையே வெட்டுவாராம். இவையெல்லாம் நடந்த சரித்திரமல்ல, கட்டுக்கதைகள்தான். ஆனால் கதையை யாருக்காகக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டாமா? எழுத வருகிறவன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் அல்லவா?

திருவிளையாடற் புராணத்தில் இதைவிட வேடிக்கை இருக்கிறது. தருமி என்கிற ஏழைக்காகக் கடவுளே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தாராம். நக்கீரன் அதில் பிழை இருக்கிறது என்றானாம். உடனே கடவுள் நெற்றிக் கண்ணைத் திறந்து அவனைச் சுட்டாராம். தன் பாட்டைக் குற்றம் சொன்னதைப் பொறுக்கமாட்டாமல் விமரிசகனைக் கொளுத்தினவர் கடவுள். குற்றம் சொல்லுவார்களோ என்று தன் பாட்டையே கொளுத்திக்கொள்ளுகிறவன் நம்மவன். இரண்டும் ஒரே வியாதிதான். பாட்டில் பிழை இருந்ததா இல்லையா, இருந்தால் எப்படித் திருத்துவது என்கிற ஒரு பேச்சை மட்டும் யாரும் பேசக் காணோம்!

ஆனால் இந்தக் கதைகளுக்கெல்லாம் முந்தின நிலைமை வேறு. சங்கப் பாட்டுகளைப் பாடினவர்கள் பெயரைப் பாருங்கள். மதுரை கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், அதாவது தானிய வியாபாரி. மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார், துணி வியாபாரி. தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார், தட்டார். வெண்ணிக் குயத்தியார், குயவர் வீட்டுப் பெண். தொழிலைப் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்துச் சங்கதியே ஒன்றுண்டு. இங்கிருந்து வடக்கே போனால் இடைக்கழிநாடு. அந்த இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்தான் பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர். அதில் எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரைப் பட்டினம் வருகிறது. அது இந்த மரக்காணம்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் கருதுகிறார்கள். உப்பு வண்டி ஓட்டிக்கொண்டு போகிற உமணர்களும், அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுகிற ஒரு குரங்கும் அதில் வருகிறார்கள். உப்பு வண்டியும் குரங்கும் பாட்டுக்கு ஏற்ற விஷயமா என்று அந்த மனிதர் கூசியிருந்தால் இன்றைக்கு நமக்கு அது கிடைத்திருக்குமா? அப்படியிருக்க, அதே உப்பு மண்ணில் நிற்கிற நீங்கள், பாத்தியைப் பற்றியும் வாருபலகையைப் பற்றியும் எழுதினால் அது எழுத்தாகாது என்று எண்ணுவது எதனால்?

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பாட்டு எழுதி, படித்தவர் ஒருவரிடம் பயந்து பயந்து கொடுத்தேன். அவர் அதை நாலு பேர் நடுவில் உரக்க வாசித்து, இரண்டாவது அடியில் ஒற்று மிகவில்லை என்று காட்டி, "இதற்குள் வித்துவானாகிவிட்டாயா" என்று கேட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து காகிதத்தை அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷ காலம் நான் எழுதினது எதையும் ஒரு பிராணிக்கும் காட்டவில்லை. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர் சொன்ன பிழை, பிழைதான். அங்கே வல்லின ஒற்று மிகத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் செலவழித்ததோ பதினோரு வருஷம்! அவர் சிரிப்பையும் அவர் காட்டின திருத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. சிரிப்பை அவரிடமே விட்டுவிட்டு, ஒற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

உப்பு விளைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை மூடி வைத்தால் எத்தனை மாதமானாலும் அது தண்ணீர்தான். பாத்தியில் பரப்பி, வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டினால்தான் உப்பு பூக்கும். மழைக்காலம் முடிந்து, பாத்தியை மிதித்துச் சீர்படுத்தி, முதல் முதல் வாருகிற உப்பில் சேறு கலந்து வராதா? அதற்காக இந்த வருஷம் உப்பே வேண்டாம் என்று யாராவது பாத்தியை மூடுகிறீர்களா? உவமை அவ்வளவுதான், அதற்கு மேல் இழுத்தால் கிழிந்து போகும்.

இனி, உங்கள் பயம் முழுவதும் பொய் என்று சொல்லிவிட்டுப் போனால் நான் யோக்கியமான மனிதனாக மாட்டேன். சிரிப்புக்குப் பயப்படுவது வேறு, தடிக்குப் பயப்படுவது வேறு. தடி மெய்யாகவே இருக்கிறது.

தோழர் பெருமாள் முருகன் 2010-இல் "மாதொருபாகன்" என்று ஒரு நாவல் எழுதினார். நாலு வருஷம் ஒன்றுமில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள், பிறகு கடையடைப்பும் நடத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் சமாதானப் பேச்சு என்று அழைத்து வைத்து, மன்னிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் வீட்டுக்குப் போய், எழுத்தாளன் பெருமாள் முருகன் செத்துவிட்டான் என்று தானே உலகத்துக்கு அறிவித்துவிட்டார். எத்தனை பெரிய அக்கிரமம் பாருங்கள்! பிறகு வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2016 ஜூலை 5-ந் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகிய இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தச் சமாதானக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது, புத்தகம் பிடிக்காதவர் அதைப் படிக்காமல் விட்டுவிடலாம், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்பது அதன் கருத்து. அவர் எழுதாமலிருந்ததாகச் சொன்ன காலத்தில் மெய்யாகவே எழுதாமலிருந்தாரா? இல்லை. அந்த நாளில் ஒளித்து எழுதின கவிதைகளைத் தொகுத்து அதே 2016-இல் வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் "கோழையின் பாடல்கள்". பயந்ததை மறைக்காமல் அட்டையிலேயே அச்சுப்போட்டுவிட்டார். தைரியம் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்கிற தோழர்கள் அந்த அட்டையை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

சல்மா அம்மையார் விஷயம் பெண்மக்கள் கவனித்துக் கேட்க வேண்டியது. திருச்சி ஜில்லா துவரங்குறிச்சியில் 1968-இல் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் 13 வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். ஆண் பிள்ளையானால் அந்த வயதில் சைக்கிள் வாங்கிக் கொடுப்பார்கள். கலியாணமான பிறகு, ராத்திரியில் கழிவறைக்குள் நின்றுகொண்டு எழுதினார். எழுதின காகிதங்களைப் புடவைகளுக்கிடையில் ஒளித்தார். தாயார் வழியாக அது வெளியே போயிற்று. சொந்தப் பெயர் போட்டால் ஊரும் வீடும் சும்மா விடாது. ஆகையால் சல்மா என்று பெயர் வைத்துக்கொண்டார். 2000-இல் "ஒரு மாலையும் இன்னொரு மாலையும்" என்ற கவிதைப் புத்தகம் வந்தது. 2004-இல் "இரண்டாம் ஜாமங்களின் கதை" என்ற நாவல் வந்தது. இடையில் 2001-இல் உள்ளூர் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால், எந்த வீட்டில் வெளியே வரக்கூடாது என்றார்களோ அதே வீட்டார் அவரைத் தேர்தலில் நிற்க வைத்தார்கள், ஜெயித்தார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். பதவிக்காக இதைச் சொல்லவில்லை. பதவி வராமலிருந்தாலும் அந்தக் கவிதைகள் கவிதைகள்தான்.

புனைபெயரில் ஒளிந்துகொள்ளுவது கோழைத்தனமல்லவா என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டிலும் பெயர் இல்லை! தோழரே, தப்பில்லை. இங்கிலாந்தில் பிரான்டி சகோதரிகள் மூவரும் 1846-இல் ஆண்பிள்ளைப் பெயர்போலத் தோன்றும் பெயர்களில்தான் தங்கள் கவிதைப் புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் விற்றது இரண்டே பிரதி. மறுவருஷமே அவர்களில் ஒருவர் எழுதின "ஜேன் ஐர்" நாவல் ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆளை மறைப்பது வேறு, எழுத்தை மறைப்பது வேறு. ஆளை மறைத்தாவது எழுத்தை வெளியே விடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இன்னொரு பயம் உண்டு; அது சொந்த ஜனங்களைப் பற்றியது. நம் வீட்டுச் சங்கதியை வெளியே சொல்லிவிட்டாயே என்பார்கள். பாமா அம்மையார் 1992-இல் "கருக்கு" எழுதினபோது, அவர் பிறந்த ஊர்க்காரர்களே முதலில் கோபித்துக்கொண்டார்கள். சில மாதங்கள் ஊருக்குள் அவர் போக முடியவில்லை. பிறகு படித்த பிள்ளைகள் வாசித்துச் சொல்லக் கேட்டு, இது நம்மை இழிவு செய்யவில்லை, நாம் பட்ட இழிவைச் சொல்லுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். அந்தச் சில மாதங்கள் சுலபமாய் இருந்திருக்காது. அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். சிறு வயதிலேயே தேவதாசி வழக்கத்துக்குள் தள்ளப்பட்டவர். 1936-இல் "தாசிகள் மோசவலை" என்று நாவல் எழுதி, உள்ளே நடந்ததையெல்லாம் வெளியே போட்டார். அந்த வழக்கத்தில் லாபமடைந்தவர்கள் அவரை என்னவெல்லாம் ஏசியிருப்பார்கள்! 1947-இல் சட்டம் வந்து அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். மேடை ஏறுகிறதற்கு முன், ஒரே ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அந்த ஒருவர் புகழுகிறவராகவும் இருக்க வேண்டாம், குட்டுகிறவராகவும் இருக்க வேண்டாம். "நன்றாயிருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தாட்சண்யத்துக்கு "நன்றாயிருக்கிறது" என்பார். உங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை. "எந்த இடத்தில் உங்களுக்குப் புரியவில்லை, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது?" என்று கேளுங்கள். பிறகு பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீடு வீடாகச் சுற்றிவரட்டும். எத்தனையோ எழுத்தாளர்கள் அப்படிப்பட்ட பத்திரிகையில்தான் கை பழகினார்கள். அதற்குப் பிறகு கைப்பேசியில் போடுங்கள், அச்சுக்கு அனுப்புங்கள், உங்கள் இஷ்டம். முகந்தெரியாதவன் எவனாவது வாய்க்கு வந்தபடி ஏசினால், அவன் சொன்னதில் ஒற்றுப்பிழை ஏதாவது காட்டியிருக்கிறானா என்று பாருங்கள். காட்டியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்குமேல் அதைப் படிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மிரட்டினால், அதைத் தனியாக மடியில் கட்டிக்கொண்டு அழாமல் நாலு தோழர்களிடம் காட்டுங்கள். பெருமாள் முருகன் வழக்கில்கூட எழுத்தாளர் சங்கத்துத் தோழர்கள் கோர்ட்டுப்படி ஏறினதால்தான் அந்தத் தீர்ப்பு கிடைத்தது.

வேறு ஒருவன் திருடிக்கொள்ளுவானே என்கிற பயமும் சிலருக்கு இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதின மாத்திரத்திலேயே உரிமை எழுதினவருடையது. பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. ஆயுசு முழுவதும், அதற்குப் பிறகு 60 வருஷமும் அது நிற்கும். நாலு பேர் பார்க்கத் தேதி போட்டு வெளியிட்டதைவிட, மடியில் ஒளித்து வைத்ததைத் திருடுவதுதான் திருடனுக்குச் சுலபம்.

கடைசியாக ஒரு விஷயம் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். ராஜம் கிருஷ்ணன் அம்மையார் தூத்துக்குடிக்குப் போய், உப்பளத் தொழிலாளர்களோடு பழகி, விசாரித்து, "கரிப்பு மணிகள்" என்று ஒரு நாவல் எழுதினார். நல்ல நாவல், ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒருவர் சில காலம் பார்த்து அவ்வளவு எழுதினார். பிறந்ததிலிருந்து இந்த வெள்ளை வெயிலில் கண் கூசி, உப்புத் தண்ணீரில் கால் வெடித்து, மழை நாலு மாதம் கூலியில்லாமல் கடன் வாங்கிச் சாப்பிட்டவர் ஒருவர் எழுதினால் அதில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் பஸ் ஏறி வந்தேன்.

தலைவரவர்களே! எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் பத்து நிமிஷம் பாக்கியிருக்கிறது என்று கடிகாரம் சொல்லுகிறது. அதை அந்தக் கூலிக் கணக்கு நோட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் இஷ்டப்பட்டால் வாசிக்கட்டும். கூச்சமாயிருந்தால் வேறு யாராவது வாசித்துக் கொடுக்கட்டும், பெயர் சொல்ல வேண்டாம். இஷ்டமில்லையென்றால் கட்டாயமில்லை. அழித்த ஒன்பது கதைகளில் ஏதாவது ஒன்று அந்த வாலிபருக்கு ஞாபகமிருந்தால் வாயால் சொல்லட்டும். நான் முன்வரிசையில் போய் உட்காருகிறேன்.